பெயர் போடாத கல்யாணக் கார்டு

என் அக்கா மகள் பெட்டி என்பவளுக்குத் தாளில் காலி இடம் விடுவதில் பைத்தியம் பிடித்தது 1985-இல். ஷென்டன் வே தெருவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் டிசைனராக இருந்தாள். வேலைக்குச் சேரும்வரை நல்ல பெண்தான். சேர்ந்த பிறகு காலண்டரைப் பார்த்தால் முகம் சுளிப்பாள். படம் நிறைந்த பிஸ்கட் டின்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பாள். மாதா திருவிழா நோட்டீசை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ஒரே பக்கத்துல ஆறு விதமான எழுத்தா மாமா?" என்று என்னைக் குற்றவாளி போலப் பார்ப்பாள். அந்த நோட்டீசைத் தயார் செய்தவன் நான்தான். ஆறு இல்லை, ஐந்து.

"இப்ப உலகம் பூரா எல்லாத்தையும் குறைச்சுக்கிட்டே வர்றாங்க மாமா. ஒரு பக்கம்னா காத்தோட்டமா இருக்கணும். கண்ணுக்கு ரெஸ்ட் வேணும் லா. இனிமே எல்லாமே இப்படித்தான் வரும், பாத்துக்கிட்டே இருங்க."

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து என் கண்கள் தேவையான ரெஸ்ட் எடுத்துக்கொள்கின்றன என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. டிசைன் என்று வந்துவிட்டால் அவளுக்குச் சிரிப்பு வராது.

அந்த வருஷம் அவளுக்கும் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிற எட்மண்டுக்கும் கல்யாணம் நிச்சயமானது. கார்டைத் தானே செய்வதாகச் சொல்லிவிட்டாள். எங்கள் ஆட்களின் கல்யாணக் கார்டு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே இரண்டு புறா, நடுவில் திருக்குடும்பம், ஓரமெல்லாம் தங்கப்பூ. உள்ளே திறந்தால் தாத்தாவில் தொடங்கி பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா எல்லாரும் அவரவர் தகுதிப்படி வரிசையாக நிற்பார்கள். இடம் பிடிக்க முடியாதவர்கள் பின்பக்கத்தில் இருப்பார்கள். யாருக்கு யார் மேல், யார் கீழ் என்பதில் சண்டை வந்து, கல்யாணத்துக்குள் சமாதானமாகிவிடும்.

பெட்டியின் கார்டு வந்தது. நல்ல கெட்டியான வெள்ளைத்தாள். கீழ்மூலையில், எறும்பு வரிசை அளவுக்குச் சின்ன எழுத்தில், 'பெட்டி, எட்மண்ட்'. அதன்கீழ் தேதி, நேரம், லூர்து மாதா கோயில். அவ்வளவுதான். அப்பன் பெயர் இல்லை, ஆத்தாள் பெயர் இல்லை. தாய்மாமன் நான், என் பெயரும் இல்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

"அத்தான், நீங்க இதுக்கு எப்படிச் சரின்னு சொன்னீங்க?" என்று அவள் அப்பா லாசரசிடம் கேட்டேன்.

"பிள்ளை படிச்சிருக்கு அந்தோனி. அவ பாஸே பாத்துட்டுக் கை கொடுத்தாராம்," என்றார். மகள் எது கேட்டாலும் தலையாட்டுகிற மனிதர். பழைய காலத்து ஆள் என்று மகள் சொல்லிவிடுவாளோ என்ற பயம் வேறு.

அந்தப் பெருமையோடு ஒரு சனிக்கிழமை கார்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்குப் போனார். முதலில் வடிவேலுவின் பூக்கடை. வடிவேலு கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மனசை விட்டுடாதீங்கண்ணே. காலம் அப்படி. ஒரு பிள்ளை பொறந்ததும் தானா வந்து சேர்ந்துக்குவாங்க."

அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு அடுத்த தெருவில் தையல்கடை இப்ராஹீமிடம் போனார். இப்ராஹீம் கார்டைப் படித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மெதுவாகக் கேட்டார்: "அப்ப நீங்க கல்யாணத்துக்குப் போறீங்களா, இல்லையாண்ணே?"

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அப்பன் பெயர் இல்லாமல் கார்டு வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுக்குச் சம்மதமில்லை, பெண் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்கிறாள். அடுத்த ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் கல்யாண ஓலை வாசித்தபோது, பாதிப்பேர் பீடத்தைப் பார்க்காமல் அத்தான் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அழுகிறாரா என்று பார்த்திருப்பார்கள். அத்தான் மீதிக் கார்டுகளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இதுகூடப் பரவாயில்லை. அத்தானின் அக்கா பிலோமினம்மாள் தெம்பனிசில் இருந்தார். தாயில்லாத தம்பியை வளர்த்தவர். பெட்டி பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவரும் அவர்தான். அவருக்கு முதல் கார்டையே கொண்டுபோய்க் கொடுத்திருந்தோம். அவர் அதைப் பார்த்தார். டிவிக்கு மேல் வைத்தார். "அன்னிக்கு எனக்குக் கால் வலியா இருக்கும்," என்றார். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"அக்கா வரலன்னா நான் எப்படி இவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் கோயிலுக்குள்ள நடப்பேன்?" என்று அத்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னார். பெட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை.

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு தெம்பனிசுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் வழிநெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அத்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லுவாளாம். கார்டு என்பது ஒரு ரூம் மாதிரியாம். சாமான் அடைத்தால் நடமாட முடியாதாம்.

அத்தை பிலோமினம்மாள் கதவைத் திறந்தார். மைலோ கலக்கிக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்தார். பெட்டி, ரூமைப் பற்றியும் சாமானைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"முடிச்சிட்டியா?"

"ம்."

"இடம் பத்தலன்னு என் பேரை விட்டிருந்தா ஒத்துக்குவேன். வேற யாரையாவது போட்டுட்டு என்னை விட்டிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன், ஆறியிருக்கும். நீ அம்புட்டு இடத்தையும் சும்மா போட்டு வச்சிருக்கியேம்மா. அதுல எனக்கு ஒரு வரி கிடைக்கலியா?"

"உங்களை மட்டும் எடுக்கல அத்தை. எல்லார் பேரையும்தான்..."

"எல்லாரும் நானும் ஒண்ணா?"

ஷென்டன் வே கம்பெனியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெட்டியின் மூக்கு சிவந்தது. நான் மைலோவைக் குடித்துச் சமாளித்தேன்.

"எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு வேற அடிக்கிறேன் அத்தை. உங்க பேர் மேலேயே இருக்கும். பெரிசா போடறேன். புறாகூட வைக்கிறேன்."

புறா வரைக்கும் இறங்கி வந்தாள் என்றால் அவள் எவ்வளவு உடைந்துபோயிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அத்தைக்குத் தெரியவில்லை. "எனக்காக ஒண்ணும் அடிக்க வேணாம்," என்று எழுந்து டம்ளர்களை எடுத்தார்.

இனி பேசிப் பயனில்லை என்று தோன்றியது. கோபத்தில் நான்தான் வாயைத் திறந்தேன். "உங்களுக்கு இங்க உட்கார்ந்துக்கிட்டு கோவம். அங்க அத்தான் தெருவுல தலைகாட்ட முடியல. நீங்க மகள் கல்யாணத்துக்குப் போறீங்களா இல்லையான்னு அவர்கிட்டயே கேக்கறாங்க."

டம்ளர்கள் மேசைக்குத் திரும்பி வந்தன.

"யார்கிட்ட?"

"அத்தான்கிட்ட."

"என் தம்பிகிட்டயா கேட்டாங்க? யாரு கேட்டா? மிச்சக் கார்டு எங்க?"

"அலமாரில இருக்கு."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எடுத்துக்கிட்டு வா. நான் கொடுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மயில்கழுத்து நிறப் பட்டு கட்டிக்கொண்டு வந்தார். தம்பியை ஒரு பக்கமும் பெட்டியை மறுபக்கமும் நிறுத்திக்கொண்டார். கார்டுப் பையைத் தூக்குகிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முதலில் போன வீடு, நோரிஸ் ரோட்டில் மங்களம் டீச்சருடையது. ஊரில் எந்தச் செய்தியும் அவரைத் தாண்டிப் போகாது என்பதால் அத்தை வேண்டுமென்றேதான் அங்கே தொடங்கினார். வாசலில் நின்றபடியே இரண்டு கையாலும் கார்டைக் கொடுத்தார்.

மங்களம் டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கார்டைப் படித்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்:

"என்னக்கா, எங்க தேடியும் உங்க பேரைக் காணோமே?"

பெட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் தரையைப் பார்த்தார்.

"கார்டுல பேர் போடறது நேர்ல வர முடியாதவங்களுக்கு," என்றார் அத்தை. "அதான் நானே வந்து நிக்கறேனே டீச்சர். இதுதான் இப்ப ஃபேஷன்."

மங்களம் டீச்சர், ஏதோ தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது போல, "ஓ, அப்படியா!" என்று அவசரமாகத் தலையாட்டினார். பெட்டிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்த வாசலிலேயே அத்தையின் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதாள்.

அத்தை சிரித்த முகம் மாறாமல் அவளை முழங்கையால் இடித்தார்.

"அழாதடி. இப்பதான் டீச்சரை நம்ப வச்சிருக்கேன். நீ அழுதா, உன்னைக் கட்டாயப்படுத்திக் கட்டி வைக்கிறோம்னு சொல்லப் போறாங்க."