பட்டனில் செருகிய கட்டை

என் அக்கா புருஷனுக்குப் புத்தி சொல்வதும் செவிடன் காதில் சங்கு ஊதுவதும் ஒன்றுதான். தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் மாமாவுக்கு வேலை. அதே பட்டறையில் நான் எலக்ட்ரீஷியன். அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மாமாவோ ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவார். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று சூப்பர்வைசரும் பார்த்தும் பார்க்காதது போல் போவார். அவர் விரலா போகப்போகிறது?

சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். நசுங்கிய கைகளின் படங்களைக் காட்டினேன்.

"மீசை முளைச்ச நாள்லேருந்து ஓட்டுறேன். நேத்து வந்த மச்சினிச்சி எனக்குப் பாடம் எடுக்குறியா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அக்கா அழுதாள்; அதற்கும் அசையவில்லை.

கடைசியில், பக்கத்து மெஷினில் மூன்று விரலை இழந்த அவருடைய நண்பரையே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அந்தக் கையைப் பார்த்தாவது திருந்துவார் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இவன் கவனமில்லாம மாட்டிக்கிட்டான்" என்றார் மாமா.

நண்பர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கட்டை செருகக் கத்துக்கொடுத்ததே நீதானேடா."

மாமா எழுந்து போய்விட்டார். மறுநாள் கட்டைக்கு மேல் டேப்பும் சுற்றியிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டையை எடுத்தால், நண்பனின் விரல் போனது தன்னால்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்குப் பதிலாகத் தன் கையையே பணயம் வைப்பாராம்!

அதோடு பேச்சை விட்டேன். அடுத்த பராமரிப்பு நாளில் வயரிங்கை மாற்றினேன். இனி ஒவ்வொரு தடவையும் இரண்டு பட்டனையும் விட்டுவிட்டு மறுபடி சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கட்டை செருகியிருந்தால் அசையாது.

காலையில் மெஷின் மக்கர் செய்தது. மாமா கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"நல்லா ஓடிட்டிருந்த மெஷினைக் கெடுத்துட்டியேடி பாவி! கட்டையில என்ன தப்பு? ஒரு தப்பும் இல்ல!"

பட்டறையே வேடிக்கை பார்த்தது. என் கோபமும் அடங்கவில்லை.

"நல்லா திட்டுங்க மாமா" என்றேன்.

பத்து விரலையும் என் மூக்குக்கு நேரே விரித்து ஆட்டித் திட்டினார்.