கிணறு ஏறிய கைவண்டி

அந்தக் கைவண்டியில் கடைசியாக ஏறியது கிணறு. கொய்யா மரங்கள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தன. மரங்களின் நிழல் தனி நடையாகப் போனது.

இரண்டு சக்கரம், துருவேறிய இரும்புத் தொட்டி, இடது பக்கம் வளைந்த கைப்பிடி, அவ்வளவுதான் வண்டி. எரு, களை, வேலிக்கல், தீவன மூட்டை என்று அந்தத் தோட்டத்தில் இடம் மாறியதெல்லாம் அதில்தான் மாறியது. தள்ளியவள் தங்கச்சி. அண்ணன் நகரத்தில் இருந்தார். விடுமுறைக்கு வருவார், கொய்யா தின்பார், வண்டிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பார். அப்பா இறந்ததும், தோட்டம் தன் பெயரில் இருக்கிறது, விற்கப்போகிறேன் என்று வந்து நின்றார்.

"அப்ப எனக்கு?"

அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் தாராளமாகக் கையை நீட்டினார். "உன் ஓட்டை வண்டி இருக்குல்ல? அதுல கொள்ளுறதை எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

"எத்தனை நடை?"

"உன் கை ஓயுற வரைக்கும் அடி, போ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் டயரை அமுக்கிப் பார்த்தாள்.

பாரத்தைச் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்தால் கைக்கு வேலையே இல்லை, வழி காட்டினால் போதும். இது அண்ணனுக்குத் தெரியாது. பாதைக்கு அந்தப் பக்கம் யாரும் சீண்டாத பாறைத் தரிசு கிடந்தது. அங்கே ஒரு குடிசை போட்டுக்கொண்டு, முதலில் கோழிக்கூட்டையும் விறகையும் கொண்டுபோனாள். பிறகு மண்ணை, வரப்போடு சேர்த்துப் பாய் போலச் சுருட்டி ஏற்றினாள். மழைக்காலம் வந்தது, தோட்டத்துக்கென்று பெய்த மழையையும் விடவில்லை. ஆட்கள் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு வண்டிக்கு ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள். ஒருநாள் அண்ணன் சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"நிறுத்துடி! அநியாயம் இது!"

"கை இன்னும் ஓயலைண்ணே. நகரு, இல்லன்னா நீயும் ஏறிடுவ."

நகர்ந்தார்.

கிணற்று நாளில் பஞ்சர் கடைக்காரர் மட்டும் எச்சரித்தார். "அக்கா, கிணறு ஈரப் பாரம். காத்து அடிச்சுட்டு ஏத்துங்க." அடித்துவிட்டு ஏற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. தவளைகள் வழிநெடுகக் கத்திக்கொண்டே வந்தன. கிணறு இருந்த இடத்தில் குழியும் இல்லை. குழியும் கிணற்றோடு சேர்ந்ததுதானே.

தோட்டத்து வீடு வண்டித் தொட்டியை விடப் பெரியது என்று அதை விட்டுவிட்டாள். அடியில் நிலம் இல்லாமல் அது ஓர் ஆள் உயரத்தில் நிற்கிறது. வாங்க வந்தவர் குனிந்து அடியில் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். விற்க முடியாத வீட்டில் அண்ணனே ஏணி வைத்து ஏறிக் குடியிருக்கிறார். ஒரு கோடையில் காலிக் குடங்களோடு குடிசை வாசலுக்கு வந்தார். அவள் வண்டியைக் காட்டினாள்.

"எத்தனை நடைம்மா?"

"உன் கை ஓயுற வரைக்கும் அடிண்ணே."

கிணற்றில் நிரப்பிய குடங்களைக் கைப்பிடிப் பக்கமாக வைத்துத் தள்ளினார். பாதி வழியில் கை ஓய்ந்துவிட்டது. இன்றும் அப்படித்தான் தள்ளுகிறார். பாரத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டயர் ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்திருக்கிறது. கிணறு ஏறின டயர் அப்படித்தான் இருக்கும், இன்னும் ஓடும் என்கிறார் பஞ்சர் கடைக்காரர்.