எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும்

1

1993 யூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. நான் நடுவர். ஒரே ஓவரில் மூன்று முறை ‘நோ போல்’ சொன்னேன். இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மிச்சத்தை எழுதுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். சுலபமாக இல்லை.

பந்து போட்டவன் பஸ்ரியன். வயது பத்தொன்பது. யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மல்வேர்னில் அக்கா றீற்றாவோடு இருந்தான். பந்து போடும்போது அவனுடைய முழங்கை மடங்கி நிமிர்ந்தது. கிரிக்கெட்டில் அது எறிதல், குற்றம். நடுவராக நான் சொன்னது சரி. (மட்டை பிடித்தவன் என் மனைவியின் தம்பி வாகீசன். இந்த அடைப்புக்குறியை மூன்று தடவை அழித்தேன். நான்காவது தடவை விட்டுவிட்டேன்.)

பஸ்ரியன் பந்தை என் கையில் தந்துவிட்டு மைதானத்தை விட்டு நடந்தான்.

2

இந்தப் பகுதிக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: “காயம்பட்ட ஒரு இனத்தின் கோபமெல்லாம் அந்த இளைஞனின் வலது தோளில் திரண்டு…”

வேண்டாம். அவன் தோளில் அப்படி ஒன்றும் திரளவில்லை. நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பக்கத்துத் திடலில் பேஸ்போல் நடந்துகொண்டிருந்தது. அதில் முழங்கையை மடக்கி எறிவதுதான் முறை. அந்த வருடங்களில் ரொறன்ரோ முழுக்க அதே பேச்சுத்தான். பஸ்ரியன் கம்பிவேலிக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே போய், தான் ஒரு பந்து எறியலாமா என்று சைகையால் கேட்டான். சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். அவன் எறிந்தான். பிடித்தவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை உதறினான். இரண்டாவது பந்து வேலிக்கு மேலால் பறந்து தரிப்பிடத்தில் நின்ற ஒரு வான் வண்டிக்குப் பின்னால் விழுந்தது.

அவனுடைய பலமும் பலவீனமும் அந்த இரண்டு பந்துகளிலேயே தெரிந்துவிட்டன. வேகம் இருந்தது. எங்கே போகும் என்பது தெரியாது.

அடுத்த மூன்று வருடங்கள் விடியற்காலையில் பேக்கரி வேலை, மத்தியானத்துக்குப் பிறகு எறிதல். மாடிக் குடியிருப்பின் பின்சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் கீறி, நாளுக்கு நூறு பந்து. குளிர்காலத்திலும்தான். கட்டடப் பொறுப்பாளர் சதுரத்தை அழிப்பார். இவன் திரும்பக் கீறுவான். மூன்றாவது குளிர்காலத்தில் அவர் அழிப்பதை நிறுத்திவிட்டார்.

3

1996 வசந்தத்தில், அந்த ‘நோ போல்’களுக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றான். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டான்.

“நீங்கள் சொன்னது சரி அண்ணை. நான் எறிஞ்சனான்தான்,” என்றான். “இப்ப அதையே வேலையாச் செய்யப்போறன்.”

வட ஒன்ராறியோவில் ஒரு சிறிய நகரத்துத் தொழில்முறை பேஸ்போல் அணி தேர்வில் பார்த்து அவனை எடுத்திருந்தது.

இங்கே என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கோபமே இல்லாத இளைஞனை யார் நம்புவார்கள்? கொஞ்சம் கோபம் சேர்த்து ஒரு பக்கம் எழுதி றீற்றாவிடம் காட்டினேன். கோபப்பட அவனுக்கு எங்கே நேரம் இருந்தது என்று கேட்டாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

4

இனி வருவதுதான் கதை.

அந்த லீக்கில் கனடாவைச் சேர்ந்தது அவனுடைய அணி மட்டுமே. மற்ற எல்லாம் அமெரிக்காவில். ஆட்டங்களில் பாதி சொந்த ஊரில், பாதி எல்லைக்கு அப்பால். பஸ்ரியனை அகதியாக ஏற்றிருந்தார்கள். ஆனால் லாண்டட் பேப்பர், அதாவது நிரந்தரமாக இருக்கிற அனுமதி, இன்னும் வரவில்லை. ஊர்ப் பத்திரங்கள் போதாதென்று விண்ணப்பம் கிடப்பில் கிடந்தது. அந்த அனுமதி வந்து, பயணப் பத்திரமும் விசாவும் எடுத்தால்தான் எல்லையைத் தாண்டலாம்.

முதல் பயணத்தன்று எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். இவன் கீழே நின்றான். பாதி ஆட்டக்காரனை வைத்து நான் என்ன செய்வது என்று மனேஜர் கேட்டாராம். சொந்த மைதானத்தில் எந்த நாள், எந்த நேரம் கேட்டாலும் எறிவேன் என்று இவன் சொன்னானாம். இந்தப் பருவம் முடியும்வரை பார்ப்போம் என்றார் அவர்.

அணி வெளியே போகிற நாட்களில் பஸ்ரியன் மைதானத்தில் புல் வெட்டினான். வெட்டி முடித்ததும் ஆளில்லாத திடலில் நின்று, வலையைப் பார்த்து எறிந்தான். வானொலியில் தன் அணி தோற்பதைக் கேட்டான். திரும்பி வந்தவர்கள் களைத்திருப்பார்கள். இவன் கை தயாராக இருக்கும். ஓகஸ்ட் மாதத்தில் மனேஜர் எந்த நெருக்கடியிலும் இவனைத்தான் கூப்பிட்டார். அடுத்த வருடமும் எடுத்தார்.

1997 இல் அணி இறுதிச் சுற்றுக்குப் போனது. ஐந்து ஆட்டங்களில் முதல் இரண்டு சொந்த மைதானத்தில், மிச்சம் எல்லைக்கு அப்பால். இரண்டிலும் பஸ்ரியன் கடைசியில் வந்து எறிந்தான், இரண்டையும் வென்றார்கள். மூன்றாவது ஆட்டத்துக்கு பஸ் எல்லையை நோக்கிப் புறப்பட வேண்டும்.

5

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) பஸ் கிளம்புகிற நேரம் தபால்காரர் ஓடிவருகிறார். கையில் பழுப்பு நிற உறை…

எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

(ஆ) பஸ்ஸின் அடியில், மட்டைப் பைகளுக்கு நடுவில், பஸ்ரியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறான்.

இது எனக்குப் பிடித்தது. எட்டுப் பக்கம் எழுதி அவனுக்கே அனுப்பினேன். தொலைபேசியில் அழைத்தான்.

“இதை எடுத்துவிடுங்கோ அண்ணை. நானும் யோசிக்காமல் இல்லை, யோசிச்சனான். ஆனால் களவாய் எல்லை தாண்டித்தான் ஒருக்கா உயிர் தப்பினனான். விளையாடப் போறதுக்கும் அப்பிடிப் போகேலாது.”

(இ) நடந்தது. பஸ் அவனில்லாமல் போனது. அணி அங்கே மூன்று ஆட்டங்களையும் தோற்றது. வந்து இறங்கியவர்களில் இரண்டு பேர் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் இடமில்லை என்று மனேஜர் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். பஸ்ரியன் மல்வேர்னுக்குத் திரும்பி வந்து பேக்கரியில் சேர்ந்தான். அதே பின்சுவரில் சதுரம் கீறினான்.

1998 பெப்ரவரியில் லாண்டட் பேப்பர் வந்தது. அன்று றீற்றா அழுதாள். அவன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, லீக்கில் இருந்த எல்லா அணிகளுக்கும் கடிதம் எழுதினான். எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு அணி வரச்சொல்லிப் பதில் போட்டது.

6

மே மாதம் நானும் றீற்றாவும் அவனை என் காரில் கொண்டுபோனோம். எல்லையில் அதிகாரி விசாவைப் பார்த்துவிட்டு, எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். வேலைக்கு என்றான். என்ன வேலை என்றார். பந்து எறிவது என்றான் பஸ்ரியன். அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

அதற்குப் பிறகு அவன் ஆறு பருவங்கள் விளையாடினான். நீங்கள் கேள்விப்பட்ட அணி எதிலும் இல்லை. அதெல்லாம் வேறு கதை. இந்தக் கதைக்கு வேண்டியது அவன் எல்லைக்கு அப்பால் எறிந்த முதல் பந்து மட்டும்தான். அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

ஏனென்றால் முதல் ஆட்டத்தன்று றீற்றாவை மைதான வாசலில் இறக்கிவிட்டு, நான் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தேன். நான் ஓடி வந்தபோது பஸ்ரியன் இரண்டாவது பந்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். றீற்றாவிடம் கேட்டேன். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அவனிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை.

மைதானத்தை மட்டும் சொல்கிறேன்: பிற்பகல் வெயில், பாதி காலியான இருக்கைகள், மட்டைக்காரன் உயரமானவன். பந்து பஸ்ரியனின் கையில் இருக்கிறது. நீங்கள் கண்ணை மூடாமல் பாருங்கள்.