சமையலறையில் இரண்டு நிமிடம்

தாழம்பூ எக்ஸ்பிரஸ் வியாழக்கிழமைதோறும் காலை ஏழே காலுக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு நிமிடம் நிற்கும். நெல்லையிலிருந்து டெல்லி வரை போகிற வண்டி அது. கல்யாணமான மறுவாரம் என் வீட்டுக்காரர் தங்கதுரை அதில் கார்டாகச் சேர்ந்தார். நெடுந்தூர வண்டி என்பதால் அவருக்கு இறங்க நேரமில்லை. அதனால்தான் நிறுத்தம் கேட்டு மனுப் போட்டேன். நான் ஏழாவதோடு நின்றவள். பிழையோடு எழுதியும் கொடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள்.

முதல் வருடம் சமையலறையில் எஞ்சின் நின்றது. அவர் கடைசிப் பெட்டியில், நாலு தெரு தள்ளி. மறுபடி எழுதினேன். ஆண்டுக்கு ஒரு பெட்டிதான் முன்னால் நகர்த்த முடியும் என்று பதில் வந்தது. அதுவும் பெரிய உதவிதான். வண்டி கிளம்பி அவர் பெட்டி அடுப்பைக் கடக்கும்போது காபி டம்ளரை நீட்டுவேன். "சூடு பத்தல, ரஞ்சிதம்" என்பார். 'ரஞ்சிதம்' பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து கேட்கும்.

இருபத்திரண்டாம் வருடம் கடைசிப் பொதுப் பெட்டி நின்றது. அடுத்தது அவர் பெட்டி. அப்போது பார்த்து, கூட்டம் தாங்கவில்லை, பின்னால் இன்னொரு பெட்டி சேர்க்க வேண்டும் என்று பொதுப் பெட்டிக்காரர்கள் மனு எழுதினார்கள். சேர்த்தால் அவர் மறுபடி வெளியேதான் நிற்பார். எனக்கு மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை ஜன்னலைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"யக்கா, நாலு பேர் சீட்டுல பதினோரு பேர் இருக்கோம்" என்றார் ஒரு மீசைக்காரர்.

"தெரியுது தம்பி. உங்க முழங்கை என் குழம்புச் சட்டிக்குள்ளதான் இருக்கு."

உள்ளேயிருந்த ஓர் அம்மாள், "எத்தனை வருசமா அந்த மனுசன் இறங்கல?" என்று கேட்டாள்.

"இருபத்திரண்டு."

"போகுது, நான் இவரு மடியில உக்காந்துக்கிறேன்" என்று தன் கணவரைக் காட்டினாள்.

"டெல்லி வரைக்குமா?" என்றார் அவர்.

மனுவைக் கிழித்து என் அடுப்பிலேயே போட்டார்கள். அவர்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

ஜூலையில் புதிய கால அட்டவணை வந்தது. கார்டு பெட்டி அடுப்புக்கு நேர் எதிரே நின்றது. அவர் இறங்கி, மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்து, "நம்ம வீட்டுல பரண் இருக்கு" என்றார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நிமிடம் முடிந்ததும் உட்கார்ந்தபடியே விசில் ஊதிப் பச்சைக் கொடியைக் காட்டினார். வண்டி அப்படியே நின்றது. சமையலறை புறப்பட்டது. ஜன்னல்களில் கைகள் ஆடின.

"மதுரை வரைக்கும் நிக்காது" என்றார்.

நான் அரிசியைக் களைய ஆரம்பித்தேன்.