பொன்மணி படத்தில் ஒரு சத்தம்

1

"அந்தச் சத்தத்த எடுத்துரு பொன்மணி. இல்ல, என் மூஞ்சிய எடுத்துரு!"

"மதினி, அந்தச் சத்தந்தான் படமே!"

"அப்ப அது எங்களுக்கு எடுத்த படமில்ல."

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். நாரணாபுரத்தில், பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பதற்காக, காய்ந்த துணியையே மறுபடி மறுபடி கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது.

2

'பட்டாசுத் தொழிலாளர் தெருவிலிருந்து படம் எடுத்த முதல் பெண் பொன்மணி' என்று தொடங்கினேன். மேடைப் பேச்சாக இருந்தது. அடித்துவிட்டேன்.

'அவள் கண்களில் ஒரு கனவு' (இதுவும் வேண்டாம்.)

தயாரிப்பாளர் கிடையாது. காமிரா இரவல். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவையே நடிக்கவைத்தாள். கதாநாயகி, அண்ணன் வேலுச்சாமியின் மனைவி மாடத்தி. ("இனி இவ எங்க சோறு பொங்கப் போறா?" என்றவர்களின் பெயரைப் போட்டால் நான் இங்கே குடியிருக்க முடியாது.)

3

அந்தச் சண்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயில் பொட்டலில் படத்தைப் போட்டாள். மாடத்தி உலை வைக்கிறாள், புருஷன் பட்டாசுக் கம்பெனியில். தூரத்தில் வெடிச்சத்தம், படம்பிடித்த பிறகு சேர்த்தது.

நிஜ வெடி என்றே மொத்தத் தெருவும் எழுந்து ஓடியது. புகை எந்தப் பக்கம், எந்தக் கம்பெனி, உள்ளே நம் ஆள் யார்? மாடத்தியும் ஓடினாள். வேலுச்சாமி அன்று நிஜமாகவே கம்பெனியில் லோடு ஏற்ற நின்றிருந்தார்.

பொன்மணி மட்டும் அசையாமல் நின்றாள் என்று எழுதினேன். பொய். அவளும்தான் ஓடினாள்.

முடிவுவரை உட்கார்ந்து பார்த்தவர் சத்தம் சேர்த்த மதுரைக்காரர் சங்கரபாண்டியன் ஒருவரே. "எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று நாற்காலிகளைக் கேட்டார்.

4

கேரளத்தில் ஒரு விழாவுக்குப் படம் தேர்வாகியிருந்தது. அவர்கள் மெச்சியதே அந்தச் சத்தத்தைத்தான். வெட்டினால் எடுப்பார்களோ என்னவோ.

"ஏட்டி, நான் கோட்டி மாதிரி ஓடுனேன், சரி. நீ எதுக்கு ஓடுன? நீ வச்ச சத்தந்தான?"

"அண்ணன் உள்ள இருந்துச்சுல்லா மதினி."

கொடிக்கு அந்தப் பக்கம் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"தோச ஆறுது. தின்னுட்டு வந்து சண்ட போடு."

5

மறுபடி போட்டாள். சத்தம் இல்லை. உலை கொதிக்கிறது, மாடத்தி சட்டென்று நிமிர்கிறாள், அவ்வளவுதான். ஒருவரும் எழவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் கம்பெனி இருக்கும் திசைக்குத் திரும்பின. மாடத்தி பொன்மணியின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. விழாவுக்கும் சத்தமில்லாத அந்தப் படமே போனது.

படத்தில் அந்தப் புருஷன் வீடு திரும்பினானா? தெரியாது. நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

முதல் முடிவு: வந்தான்.

இரண்டாவது முடிவு:

எழுத வரவில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டிருந்தாள், அதை மட்டும் மறக்கவேண்டாம்.

பொன்மணி, தன் சத்தத்தைப் பறிகொடுத்த சங்கரபாண்டியனையே கட்டிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டாள். தீபாவளி சீசனில் இங்கே ஏதாவது கம்பெனி வெடித்ததாகச் சேதி பரவினால், மாடத்தியின் போனுக்கு முதலில் வருவது மதுரை அழைப்புதான்.

"மதினி, அண்ணன் வந்துருச்சா?"