மச்சினன் மாட்டிய சிப்

என் மச்சினன் கார் மெக்கானிக். என் டாக்சியின் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு சிப் ஒன்றைச் செருகி, "இனிமே வண்டி பிச்சிக்கிட்டுப் போகும் மாமா" என்றான். போனது போலத்தான் இருந்தது. ஸ்டாண்டில் நானே தம்பட்டம் அடித்து ஆறு டிரைவர்களை அவனிடம் அனுப்பினேன்.

இன்று முழங்கால் இடித்து அது உடைந்தது. உள்ளே சிமிட்டுகிற பச்சை விளக்கு மட்டும்தான். காரின் மூளையான கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பி ஒன்றுகூட இல்லை. வண்டி பறந்ததெல்லாம் நான் அழுத்தி மிதித்ததால்தான்.

கொதித்துப்போய் பட்டறைக்குப் போனேன். முதலில் வாசலில் நின்ற அவனுடைய சொந்தக் காருக்குள் குனிந்து பார்த்தேன். சாக்கெட் காலி.

"உன் வண்டியில ஏன்டா மாட்டல?"

ஸ்பேனரைத் துடைத்தபடியே சிரித்தான். "இதையெல்லாம் நம்ப நான் என்ன டாக்சி டிரைவரா மாமா?"