குழாய்த் தண்ணீர் வரிசை

தொண்ணூற்றாறு மணி நேரம். முட்டை கருவான பிறகு அவ்வளவு நேரம் போனால்தான் முடிவை எழுத வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்தின் விதி.

எங்களிடம் வரும் ரசாயனங்களை வரிக்குதிரை மீனின் முட்டைகள்மேல் ஊற்றிப் பார்ப்போம். முட்டை கண்ணாடி போலிருக்கும். உள்ளே வளர்வதெல்லாம் நுண்ணோக்கியில் தெரியும். வால் வளைந்திருக்கிறதா, நெஞ்சு வீங்கியிருக்கிறதா என்று தட்டின் ஒவ்வொரு குழியாகப் பார்த்து எண்ணுவது என் வேலை. ஒரு வரிசைக்கு மட்டும் ரசாயனம் கிடையாது. வடிகட்டிய குழாய்த் தண்ணீர்தான். அது நன்றாக வளர்ந்தால்தான் மற்ற வரிசைகளை நம்பலாம்.

இரண்டு முறை அந்த வரிசையே கெட்டுப்போனது.

"இருபதுல ஏழு," என்றார் மேலாளர். "வெறும் தண்ணியில ஏழு போகுதுன்னா அது உன் கைதாம்மா. இன்னொரு தடவை ஆச்சு, வேற ஆளப் பாத்துக்குவேன்."

அவர் போனதும் எதிர் மேசை அக்கா சிரித்தாள். என் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவள். ஏழு மாதக் கர்ப்பிணி.

"வாயில்லாப் பூச்சிக்குக் கொலைகாரக் கையா? என் வயித்து மேல மட்டும் வெச்சிராதடி, தாயே."

மூன்றாவது முறை யாரிடமும் சொல்லாமல் ஒரு தட்டைக் கூடுதலாக வைத்தேன். இருபது குழிகளில் குழாய்த் தண்ணீர். இருபதில் காய்ச்சி வடித்து உப்புகளை அளந்து சேர்த்த தண்ணீர். ஒரே நாள் முட்டைகள், ஒரே கை.

இருபத்துநான்காம் மணியில் எல்லாம் ஒன்றுபோலிருந்தன. நாற்பத்தெட்டாம் மணியில் அப்படி இல்லை. எழுதினேன். நோட்டை மூடிவிட்டேன்.

வெயில் காலம். அக்கா மணிக்கொரு தடவை நடையிலிருந்த அதே குழாயில் பாட்டிலை நிரப்பி வந்தாள்.

"டாக்டர் நெறையத் தண்ணி குடிக்கச் சொல்லிட்டாரு. பாத்ரூமுக்கு நடந்தே பாதி ஆயுசு போயிடும் போல."

வாயைத் திறந்தேன். ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? இன்னும் நேரம் ஆகவில்லை. தப்பாக இருந்தால் அவளை வீணாகப் பயமுறுத்தியதாக ஆகும்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

குற்றம் என் கையிலேயே இருக்கட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

தொண்ணூற்றாறாம் மணிக்கு மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். வழக்கமான தட்டில் குழாய்த் தண்ணீர் வரிசை மறுபடியும் கெட்டிருந்தது. அவர் பேசுவதற்குள் என் தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன்.

"குழாய்த் தண்ணியில எட்டு கெட்டிருக்கு சார். வடிச்ச தண்ணியில ஒண்ணுகூட இல்ல. ரெண்டுக்கும் ஊத்தினது நான்தான்."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இந்தக் குழாய்த் தண்ணிதான் ஊருக்கே," என்றவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "யாரும் குடிக்காதீங்க" என்று நடையில் கத்துவது கேட்டது.

அக்கா பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு அதை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவைத்தாள்.

"இப்பத்தானே உனக்கே தெரிஞ்சுது?" என்றாள். ஆமாம் சொல்லிவிடு என்று கெஞ்சுவது போலிருந்தது.

"இல்லக்கா," என்றேன். "முந்தாநாளே தெரியும்."